வெறும் தண்ணீரில்

ஏழு. பிப்பெட்டின் தலையைக் கட்டைவிரலால் அழுத்தி, ஐந்து மைக்ரோலிட்டர், ஒரு கடுகு அளவுத் துளி, கண்ணாடிச் செல்லுக்குள் விட்டாயிற்று. மூடியைப் போட்டு நாலு தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, ஒளியை அளக்கிற மெஷினுக்குள் வைத்து, கதவைச் சாத்தி, இனி இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடமும் எனக்கு வேலை கிடையாது. வேலையெல்லாம் உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான், என்னுடைய ஏற்பிக்கும் அந்த ஏ.டி.பி.க்கும். பார்த்துக்கொள்ளட்டும், பிடித்துக்கொள்ளட்டும், பிடித்தால் வெளிச்சம் காட்டட்டும். ஆறு முறை விட்டுவிட்டேன், ஆறு கோடு விழுந்துவிட்டது, திரையில் பார்த்தால் ஒரே கோடுதான் தெரிகிறது. ஒன்றின்மேல் ஒன்று பாய்மேல் பாய் விரித்த மாதிரி அப்படியே படுத்திருக்கிறது. மார்ச் மாதம் இதே மெஷினில், இதே நாற்காலியில், ஒவ்வொரு துளிக்கும் கோடு ஒரு படி ஏறியது. இருபது துளிக்கு இருபது படி. அந்தப் படத்தைத்தான் சிவகாசியில் கொடுத்து அழைப்பிதழ் அட்டையில் போட்டிருக்கிறார்கள், அது இப்போது என் மேஜையில் பிப்பெட் டிப் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது, முனைவர் தேவசகாயம் அவர்களின் பணி நிறைவுப் பாராட்டு விழா, மே முப்பத்தொன்று, மாலை நான்கு மணி. இன்றைக்குத்தான். இப்போது மணி பதினொன்று இருபத்தாறு. ஏழாவது கோடு மெல்ல வரைந்துகொண்டு போகிறது, போகட்டும், நான் பார்க்கப்போவதில்லை, ஜன்னலைப் பார்க்கிறேன், ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருக்கிறது, வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்று நானே அடித்தது. பார்த்துவிட்டேன். அதே இடம்தான்.

எட்டு. இருபது வரைக்கும் போகவேண்டும். பாதியில் நிறுத்திய அளவீடு அளவீடே இல்லை என்பது என் வழிகாட்டி தேவசகாயம் சார் போட்ட சட்டம். விளங்காத கோடு விழுந்தாலும் இருபதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும், சாப்பாடு ஆறினாலும் சரி, வீட்டிலிருந்து போன் வந்தாலும் சரி. இருபத்திரண்டு வருஷமாக அவர் அப்படித்தான் இருக்கிறார், கோவில்பட்டியைத் தாண்டி மழை எட்டிப் பார்க்காத இந்தக் கரிசல்காட்டுக் கல்லூரியில், குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர் வருகிற லேபில், இரண்டு முறை காய்ச்சி வடித்த தண்ணீரை வைத்துக்கொண்டு. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தண்ணீருக்குள் கிடக்கிற ஏ.டி.பி.யை, ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கிற அந்த நியூக்ளியோடைடை, அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிற ஒரு மூலக்கூறு, அதற்குத்தான் ஏற்பி என்று பெயர். அதை நாமே செய்யவேண்டும். உடம்பிலிருந்து கடன் வாங்காமல், குடுவையில் காய்ச்சிச் செய்ததாக இருக்கவேண்டும். பிடித்ததும் அது ஒளிரவேண்டும். ஒரு காகிதக் கீற்றில் அதைத் தடவி எந்த ஊர்த் தண்ணீரில் முக்கினாலும் இதில் உயிர் இருக்கிறது, கிருமி இருக்கிறது, குடிக்காதே என்று நீலமாக எரியவேண்டும். சொல்லும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது. முப்பத்தாறு மூலக்கூறு செய்தார்கள் எனக்கு முந்தி வந்தவர்களும் நானுமாக. எல்லாம் கரைப்பானில் பிடித்தன. பாட்டிலில் வருகிற விலை கூடிய கரைப்பானில் பிடிக்காத மூலக்கூறே கிடையாது. தண்ணீருக்குள் விட்டதும் கையை விரித்தன. ஏனென்றால் தண்ணீரும் பிடிக்கிறதே. ஏ.டி.பி.யின் வாலில் இருக்கிற பாஸ்பேட்டைத் தண்ணீர் மூலக்கூறுகள் ஏற்கெனவே சூழ்ந்து பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நான் போடுகிற அளவுக்குக் கணக்குப் போட்டால் என் ஏற்பி ஒன்றுக்கு ஐம்பத்தைந்து லட்சம் தண்ணீர். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒருத்தியைத் தேடிப்பிடித்துக் கையைப் பற்று என்று சொல்லி அனுப்புகிறோம், கூட்டத்தில் இருக்கிற எல்லாரும் அவள் கையை விடமாட்டேன் என்கிறார்கள். இதில் முப்பத்தேழாவது மட்டும் எப்படி ஜெயிக்கும் என்று நான் நினைத்தேன். என்னத்தை நினைத்தேன், ஒன்றும் நினைக்கவில்லை, எரிந்தது, சந்தோஷப்பட்டேன்.

ஒன்பது. முப்பத்தேழாவதை நான் வரைந்தபோது சார் சிரித்தார். நடுவில் ஒரு தட்டையான உடம்பு, ஏ.டி.பி.யின் தட்டையான பக்கம் வந்து இதோடு ஒட்டிக்கொள்ள. இரண்டு பக்கமும் இரண்டு கை, வாலைப் பிடிக்க. கை சும்மா இருக்கும்போது அதிலிருக்கிற நைட்ரஜன்கள் உடம்பின் ஒளியை அமுக்கிவிடும், கையில் ஏதாவது வந்து மாட்டினால் அமுக்குகிற வேலையை விட்டுவிடும், ஒளி வெளியே வரும். ஏதாவது மாட்டினால். அங்கேதான் நான் குழியில் விழுந்தேன், ஏதாவது என்றால் ஏ.டி.பி. என்று எடுத்துக்கொண்டேன். புளிப்பு மாட்டினாலும் எரியும். அமிலத்தில் இருக்கிற ஹைட்ரஜன் ஒன்று வந்து அந்த நைட்ரஜனில் உட்கார்ந்தாலும் ஜம்மென்று எரியும். இது எனக்குத் தெரியாததா, இதை நானே இளங்கலைப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன், கரும்பலகையில் படம் போட்டு. நான் வாங்கின ஏ.டி.பி. உப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது புளிப்பு. அமிலத்தின் அளவைக் காட்டுகிற பி.எச். மீட்டரில் வைத்தால் மூன்று காட்டும், ஏழில் நிற்கவேண்டியது. அதைக் காரம் விட்டுச் சமப்படுத்தாமல் துளித்துளியாக நான் ஏற்பியில் விட்டிருக்கிறேன். புளிப்பைத் தாங்கிக்கொள்கிற தாங்கல் கரைசலும் கிடையாது, ஏனென்றால் சாருக்கு வெறும் தண்ணீர் வேண்டும், கட்டுரைத் தலைப்பிலேயே வெறும் தண்ணீர் என்று வரவேண்டும், உப்புப் போட்டு ஜெயித்தான் என்று ஒரு பயல் சொல்லக்கூடாது. ஏ.டி.பி.க்கு எரிந்தது, அதற்குத் தங்கச்சி மாதிரி இருக்கிற ஜி.டி.பி.க்கு எரியவில்லை, ஆகா எப்பேர்ப்பட்ட தேர்வுத்திறன் என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஜி.டி.பி. பாட்டிலில் வரும்போதே சமப்படுத்தி வருகிறது. பாட்டில் லேபிளில் பி.எச். ஏழு என்று அச்சடித்தே இருக்கிறது. முதல் வருஷத்துப் பிள்ளை செய்தால் காதைத் திருகுகிற தப்பு இது. ஆறு வருஷம் முடிந்து ஏழாவது வருஷத்தில் நான் செய்திருக்கிறேன்.

காலையில் என் ஜூனியர் ஜெயசுதா வந்து, அக்கா, உங்க பழைய ஏ.டி.பி. கரைசல் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சுல்லா, மீட்டரைச் சரிபாக்கலாம்னு அதுல முக்குனேன், மூணு காட்டுது, எலக்ட்ரோடு போச்சு போலக்கா, சார்ட்ட சொல்லணுமா, என்றாள். நான், வேண்டாம், இன்னிக்குப் போயி அவர்ட்ட எலக்ட்ரோடைப் பத்திப் பேசிக்கிட்டு, நானே பாக்கேன், நீ ஹால்ல பூ கட்டுத வேலையைப் பாரு என்று அனுப்பினேன். எலக்ட்ரோடு நன்றாகத்தான் இருந்தது. அவள் போன பிறகு மூன்று தரம் கழுவி மூன்று தரம் முக்கினேன். மூன்று, மூன்று, இரண்டு புள்ளி ஒன்பது. அப்புறம்தான் புது ஏ.டி.பி. கரைசலைக் காரம் விட்டு ஏழுக்குக் கொண்டுவந்து, ஏற்பி கிடக்கிற தண்ணீரிலும் தாங்கல் போட்டு, இதை ஓட்ட உட்கார்ந்தேன். பத்து, பத்தாவதை விட்டேனா? விட்டேன், டிப் ஈரமாக இருக்கிறது, நோட்டில் டிக் அடித்திருக்கிறேன். இந்த லேபுக்கு யார் வந்து என்ன அளந்து காட்டினாலும் சார் வாயிலிருந்து முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான், பி.எச். பாத்தியா. வைவா பரீட்சையில் கேட்பார், கருத்தரங்கில் அடுத்த ஊர்ப் பேராசிரியர்களைக் கேட்பார், ஒரு தரம் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேன்டீன்காரரைக் கேட்டார். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. மார்ச் பதினெட்டு, நான் படத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன், பார்த்தார், எழுந்து வந்தார், செண்பகம், லைட்டை அணை என்றார். இருட்டில் அந்தச் செல்லை விரலால் பிடித்து அடியில் புற ஊதா டார்ச்சைக் காட்டினார். நீலம். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றார், விரல் நகம் எல்லாம் நீலமாக இருந்தது. அப்புறம் இருட்டிலேயே போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். கிரேஸ், எரியுது. ஆமா, தண்ணியிலதான். வெறும் தண்ணி. அந்தப் பக்கம் அவர்கள் என்ன சொன்னார்களோ, இவர் உம் உம் என்று கேட்டுக்கொண்டார், லைட்டைப் போடு என்று என்னிடம் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாருக்கும் டீயும் பருப்பு வடையும் வாங்கி வரச் சொன்னார். பி.எச். பாத்தியா என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டாரா, இல்லை, கேட்டால் எரிவது அணைந்துவிடும் என்று அவருக்கும் உள்ளே ஒரு பயம் இருந்ததா. கேட்டிருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்கும், வடை மிச்சம். அவர் கேட்டிருக்கவேண்டும். பார் என் புத்தியை, தப்பை நான் செய்துவிட்டு அவர் கேட்கவில்லை என்று அவர்மேல் கோபப்படுகிறேன்.

பதினொன்று. அதே கோடு. ஹாலில் மைக்கைத் தட்டுகிறார்கள், ஹலோ, ஹலோ, ஒன், டூ. நாற்காலி இழுக்கிற சத்தம். போனில் செய்தி வந்திருக்கிறது, தூத்துக்குடியிலிருந்து என் வீட்டுக்காரர்தான், துறைமுக ஆபீசில் பதினொன்றரைக்கு டீ குடிக்கும்போது எனக்கு ஒரு வரி அனுப்புவார். பாப்பாவை யூகேஜி சேக்க ஃபார்ம் வாங்கிட்டேன், அம்மா கையெழுத்துக்கு இடம் இருக்கு, ஜூலைல வந்துருவல்லா. வந்துருவேன் என்று போன மாதம் அனுப்பியது மேலே அப்படியே கிடக்கிறது. சனிக்கிழமை சனிக்கிழமை நான் போய் இறங்கும்போது மகள் உடனே வருவதில்லை. அவரம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஒரு கண்ணால் என்னைப் பார்ப்பாள். நான் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் இன்னும் உள்ளே போவாள். பையை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, சும்மா இருக்கவேண்டும். இரண்டு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு நடந்து வந்து மடியில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி தன் கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள். அந்த இரண்டு நிமிடத்தில் அவள் எதைச் சரிபார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை வராமலே போய்விடுவாளோ என்கிற பயம் பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டும்போதே பிடித்துக்கொள்ளும். இந்தப் படிப்பை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றுதான் அவளை அங்கே விட்டேன், ஆறு மாதக் குழந்தையாக. ஆய்வுச் சுருக்கம் ஏப்ரலில் சார் கையெழுத்தோடு போய்விட்டது. கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று ஒன்பது நாளைக்கு முன்னால் கடிதம் வந்தது. ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதான் பாக்கி. அதில் முப்பத்தேழாவதைப் பற்றிய நாலாவது அத்தியாயம்தான் ஆய்வேடு, மற்றதெல்லாம் நாலாவதுக்குப் போகிற வழி. இதை எடுத்துவிட்டால் பல்கலைக்கழகம் இனி கால நீட்டிப்புத் தராது, போன வருஷமே கடைசி என்று எழுதித்தான் தந்தார்கள். நாளையிலிருந்து சாரும் கிடையாது. மாடசாமி சார் என்னை எடுத்துக்கொள்வார், அவர் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று பார்க்கிறவர், முதலிலிருந்து ஆரம்பி என்பார், புதிதாகப் பதிவு செய் என்பார். புதிதாக என்றால் நாலு வருஷம். மகளுக்கு அப்போது எட்டு முடிந்திருக்கும்.

பன்னிரண்டு, பதின்மூன்று. இந்த மெஷினுக்குள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது, அதை அணைத்து அணைத்துப் போடக்கூடாது, ஆயுள் குறைந்துவிடும். அதன் இரைச்சல் காதுக்குள் இல்லாமல் பல்லில் கேட்கிறது. ஏசி என் முதுகில் மட்டும் அடிக்கிறது. இடது கையை மடக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல, விரல் மரத்துவிட்டது, நீட்டினால் வலிக்கிறது. அப்பாவின் இடது கை. அரசு பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கியர் தண்டைப் பிடித்த கை, தூங்கும்போதும் அந்த வளைவிலேயே இருக்கும். தூக்கத்தில்தான் போனார், காலையில் நான்தான் போய்ப் பார்த்தேன், காபி ஆறுது எழுந்திருங்கப்பா என்று தோளைத் தொட்டேன், தோள் மட்டும் அசையாமல் ஆள் மொத்தமாக அசைந்தார். சித்தப்பா வந்து கையை நேராக்கப் பார்த்தார், முடியவில்லை, அழுத்தினார், விடுங்க சித்தப்பா அப்படியே இருக்கட்டும் என்று நான் கத்தினேன். வளைந்த கையோடுதான் போனார். அடுத்த வருஷம் முதுகலை வகுப்பில் சார் நடத்துகிறார், தசை பிடிக்குததுக்கு ஏ.டி.பி. வேணும்னு எல்லாருக்கும் தெரியும், பிடிச்சதை விடுததுக்கும் அதுதான் வேணும், அது தீந்துபோச்சுன்னா விட முடியாது, செத்த உடம்பு விறைக்குதது அதனாலதான். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். விடுவதற்கும் தெம்பு வேண்டும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் போய், சார், எனக்கு உங்ககிட்டதான் ஆராய்ச்சி செய்யணும் என்றேன். எதுக்கும்மா, தண்ணில எழுதுத ஆளுன்னு என்னைக் கேலி பண்ணுதாங்க, நீயும் வந்து எழுதப்போறியா என்றார். ஆமா சார் என்றேன்.

பதினான்கு. பதினைந்து. யாருக்குத் தெரியப்போகிறது. இதை முதலிலேயே நினைத்துவிட்டேன், நினைக்கவில்லை என்று இவ்வளவு நேரம் நடித்துக்கொண்டிருந்தேன். ஜெயசுதாவுக்கு எலக்ட்ரோடு போச்சு. சாருக்கு இன்றோடு வேலை போச்சு. இந்தக் காலை நேரத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் மார்ச் மாதம் மார்ச் மாதமாகவே இருக்கும். கோடு ஏறியது நிஜம், எரிந்தது நிஜம், நான் எண் எதையும் மாற்றி எழுதவில்லை, ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. என்ன, எரிந்ததற்குக் காரணம் வேறு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்திருந்தாலும் எரிந்திருக்கும். அமிலம் காட்டுகிற மூலக்கூறு என்று எழுதிக் கொடுத்துவிடலாமா, லிட்மஸ் தாள் காட்டாததையா இது காட்டப்போகிறது. பொய் சொல்லாமல் இருப்பதும் ஒரு பொய்தானா என்று பட்டிமன்றம் வைக்க நேரமில்லை. என்றைக்காவது எங்கேயாவது ஒருத்தி கட்டுரையைப் படித்துவிட்டு, நம்பி, ஆறு மாதம் செலவழித்து இதே மூலக்கூறைக் காய்ச்சி, எரியவில்லையே, நம் கைதான் சரியில்லை போல என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் சேலைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை இருக்கும். இல்லை, சொல்லிவிடவேண்டும். சாயங்காலம் மாலை போட்டு, கண்ணாடிக் கேடயத்தில் முப்பத்தேழாவதின் படத்தைச் செதுக்கிக் கொடுக்கப்போகிறார்கள், நான்தான் படம் வரைந்து கொடுத்தேன். அதற்கு முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா. முன்னால் சொன்னால் அந்தக் கேடயத்தை அவர் எப்படி வாங்குவார். பின்னால் சொன்னால் அதை வீட்டில் எங்கே வைப்பார். பதினாறு. பதினாறாவது ஏறுகிறது.

ஏறுகிறது. நிஜமாகவே கோடு மற்றதை விட்டுப் பிரிந்து மேலே போகிறது, நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், வாயிலிருந்து அம்மா என்று வந்துவிட்டது. கொஞ்சம்தான், நகக்கண் அளவு, ஆனாலும் மேலே. தாமதமாகப் பிடிக்கிறதோ, நிறையச் சேர்ந்த பிறகுதான் பிடிக்குமோ, கை இரண்டும் மெதுவாகத்தான் மூடுமோ, இருக்கலாம், அப்படியும் உண்டு, படித்திருக்கிறேன். சமப்படுத்தின கரைசல், தாங்கல் போட்ட தண்ணீர், இதில் ஏறினால் அது புளிப்பு இல்லை, அது அதுதான். எல்லா சாமியையும் கூப்பிட்டேன், சாருடைய சாமியையும் சேர்த்து. அப்புறம் செல்லை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் பக்கவாட்டில் என் கட்டைவிரல் ரேகை, வேர்வையோடு, ஒவ்வொரு கோடாகத் தெளிவாக. துடைத்தேன். திரும்ப வைத்தேன். திரும்ப ஓட்டினேன். கோடு கீழே வந்து மற்ற பதினைந்தின் மேலே ஒழுங்காகப் படுத்துக்கொண்டது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பதினேழு. பதினெட்டு. இனி கையே பார்த்துக்கொள்ளும், நான் வேண்டாம்.

பத்தொன்பதாவது கோடு விழுந்து முடிகிறபோது கதவு திறந்தது. எனக்குச் சார் வருகிற செருப்புச் சத்தம் தெரியும், இன்றைக்குத் தெரியவில்லை, புதுச் செருப்பு. சட்டையும் புதிது, மடிப்பு கலையாமல், காலர் அட்டை இன்னும் உள்ளே இருப்பது போலக் கழுத்தை நிமிர்த்தி வைத்திருந்தார். என்ன செண்பகம், ஓடுதா, என்றார். இந்த அறைக்குள் வரும்போது ஆறு வருஷமாகக் கேட்பது அதுதான். நான் எழுந்து நின்றேன். நாக்கு நுனியில் வைத்திருந்தேன், சார், ஒரு விஷயம் சொல்லணும். அதைச் சொல்லவும் வாயைத் திறந்தேன், நிஜமாகத் திறந்தேன். அதற்குள் அவர் குனிந்து திரையைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி பார்த்தார். பத்தொன்பது கோடும் ஒரே கோடாகக் கிடந்தது.

இன்னும் ஆரம்பிக்கலையா, என்றார்.

இல்ல சார், என்றேன். இனிமேதான்.

அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை. அழைப்பிதழைப் பிப்பெட் டப்பாவுக்கு அடியிலிருந்து உருவி, அட்டைப் படத்தைத் தன் புதுச் சட்டையின் கையால் துடைத்து, மேஜை ஓரத்தில் நிமிர்த்தி வைத்தார். எவ்வளவு அழகா ஏறுது பாரு, என்றார். என்னிடமா, தனக்கா, தெரியவில்லை. இன்னிக்கு எதுக்கும்மா இதெல்லாம், கடைசி நாள் கணக்குக்காக ஓட்டுதியா, சாப்பிட்டுட்டு மூணரைக்கெல்லாம் ஹாலுக்கு வந்துரு, கிரேஸ் உன்னைப் பக்கத்துல உக்கார வைக்கணும்னு சொல்லியிருக்கா, உன் மகளையும் கூட்டிட்டு வரச் சொன்னாளே, என்றார். அடுத்த தரம் சார், என்றேன். எந்த அடுத்த தரம். அவர் அந்த அறையைச் சுற்றி ஒரு தரம் பார்த்தார், குடுவைகளை, வடிகட்டின தண்ணீர்ப் பீப்பாயை, கறுப்புத் துணியை. கதவுவரை போய்க் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

ஆரம்பிக்கதுக்கு முன்னாடி பி.எச். பாத்துக்கோ, செண்பகம், என்றார்.

சரி சார், என்றேன்.

கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு, மெதுவாகத்தான் சாத்தும். அது சாத்தி முடிகிறவரைக்கும் அந்தப் புதுச் செருப்பின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அவசரம் இல்லாமல், ஹால் இருக்கிற பக்கமாக. ஓடிப்போய்க் கூப்பிடலாம். பத்து எட்டுத்தான் இருக்கும். மார்ச் பதினெட்டாம் தேதி கேட்காத கேள்வியை இன்றைக்கு எதற்குக் கேட்டீர்கள் என்று கேட்கலாம். சார் என்று ஒரு சத்தம் போட்டால் திரும்பி வருவார், வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோட்டைப் பெரிதாக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணுவார். எண்ணி முடித்து என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அப்புறம் நாலு மணிக்கு மாலை போடுவார்கள். நான் கூப்பிடவில்லை. செருப்புச் சத்தம் மைக் சத்தத்துக்குள் போய்விட்டது. மகளுடைய ஃபாரத்தில் அம்மா கையெழுத்து, என் நோட்டில் இன்றைய பக்கத்துக்குக் கீழே வழிகாட்டி கையெழுத்து, இரண்டும் காலியாக இருக்கிறது. அதில் ஒன்று நிரம்பும். எதற்கு ஈடாக எது என்று நான் இங்கே நின்றுகொண்டே முடிவு செய்துவிட்டேன் போலிருக்கிறது, எனக்கே தெரியாமல், இல்ல சார் என்று சொன்ன அந்த நேரத்தில். இருபதாவது பாக்கி இருந்தது. பாதியில் நிறுத்தக்கூடாது. புது டிப் மாட்டி, ஐந்து மைக்ரோலிட்டர் எடுத்து, உள்ளே விட்டு, நாலு தரம் கவிழ்த்து நிமிர்த்தி, ரேகை படாமல் ஓரத்தில் பிடித்து, துடைத்து, வைத்துச் சாத்தினேன். இரண்டு நிமிடம் காத்திருந்தேன். கோடு அதே இடத்தில் விழுந்தது.